முதல் 25 பிரதிகள்

நாவல் அச்சாகி முடிந்ததும் பதிப்பகத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வரும். எழுத்தாளருக்கான இலவசப் பிரதிகள் அதில் இருக்கும். ஒப்பந்தத்தைப் பொறுத்து 10 இருக்கலாம், 25 இருக்கலாம். தமிழில் ஒரு நாவலை ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சடித்த காலம் போய்விட்டது. சிறு பதிப்பகங்களில் இப்போது முதல் அச்சே சில நூறுதான். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்தபிறகு 50, 100 என்றும் அடிக்கிறார்கள். 300 பிரதி அச்சான நாவலில் 25 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. இந்த ஒரு பங்கு யார் கைக்குப் போகிறது, போன இடத்தில் படிக்கப்படுகிறதா என்பதை வைத்துத்தான் மீதிப் பிரதிகள் நகர்கின்றன. எழுதும் காலமெல்லாம் கூட நின்ற நண்பர்களிடம் அதைக் கொண்டுசேர்ப்பதும் நாவல் வேலையின் ஒரு பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கும் ஒரு முறை உண்டு.

பெட்டி வந்த அன்றே யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் எல்லாப் பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். டெம்மி அளவில் ஆஃப்செட்டில் அடித்த புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரம்களாகத்தான், அதாவது ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுகளாகத்தான், சேர்கிறது. 256 பக்க நாவல் என்றால் 16 ஃபாரம். பைண்டிங்கில் ஃபாரம்களை அடுக்கும்போது ஒன்று விடுபடலாம், ஒன்றே இரண்டு முறை விழலாம், தலைகீழாகவும் போகலாம். ஆகவே தவறு நடந்திருந்தால் 1, 17, 33, 49 என்று ஃபாரம் தொடங்கும் பக்கங்களில்தான் முதலில் தெரியும். அந்தப் பக்க எண்களை மட்டும் கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தால் ஒரு பிரதிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. டிஜிட்டல் அச்சில் வேறு மாதிரிக் கோளாறுகள் வரும். கடைசிப் பக்கங்கள் இல்லாமல் இருக்கும், மேலட்டை லேமினேஷன் விளிம்பில் உரியும், ஈரக்காற்றில் அட்டை சுருண்டு நிற்கும். அபூர்வமாக, உங்கள் அட்டைக்குள் வேறு யாருடைய புத்தகமோ இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய டிசம்பரில் அச்சான புத்தகங்களை இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டும். பொங்கலை ஒட்டி நடக்கும் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டுமென்று எல்லாப் பதிப்பகங்களும் ஒரே நேரத்தில் நெருக்குவதால், பைண்டிங் பட்டறைகளில் அந்த வாரங்களில் இரவு பகலாக வேலை ஓடும். அவசரம் ஃபாரத்தில் தெரியும். பழுதான பிரதியைப் படமெடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினால் மாற்றிக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போட்டபின் கண்டுபிடித்தால் மாற்றுவது சங்கடம்.

பார்த்து முடித்த பிரதியை நண்பர் கையில் கொடுக்கும் முன் முதுகைப் பழக்கிவிடுவது நல்லது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் தையல் கிடையாது. தாள்களின் முதுகை அரைத்து, அதில் சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். புதுப் புத்தகத்தை நடுவில் திறந்து பளாரென்று விரித்தால் பசை அந்த ஒரே கோட்டில் வெடித்து, சில நாளில் அந்தத் தாள் கையோடு வரும். அதற்குப் பதிலாக, புத்தகத்தின் முதுகு மேசையில் படும்படி நிறுத்துங்கள். முன்னட்டையை இந்தப் பக்கம், பின்னட்டையை அந்தப் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். தாள்கள் நடுவில் நிற்கும். முன்னாலிருந்து பத்துத் தாளைச் சாய்த்து, உள்மடிப்பில் மேலிருந்து கீழே விரலால் ஒரு நீவு. பிறகு பின்னாலிருந்து பத்துத் தாள். இப்படி மாறி மாறி நடுவை அடைந்தால் முதுகு முழுவதும் சமமாக இளகும். புத்தகம் மேசையில் தானாகவே விரிந்து படுக்கும். படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் படிக்கும் நண்பர்களுக்கு இது பெரிய உபகாரம்.

அடுத்தது யாருக்கு என்ற கேள்வி. வெளிவந்த மகிழ்ச்சியில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடத் தோன்றும். அன்பினால் நடக்கும் தவறு இது. காசு கொடுத்து வாங்கக் காத்திருந்த நண்பருக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது. பதிப்பகத்தின் கையிருப்பு நகர்வதில்லை. நகராத புத்தகத்துக்கு இரண்டாம் அச்சு போடப் பதிப்பாளருக்குத் துணிவு வருவதில்லை. விலை 300 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்தால் ஒரு பிரதி விற்றால் எழுத்தாளருக்கு 30 ரூபாய். அந்தப் பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. 100 பிரதி அச்சடித்த புத்தகத்தில் 20 நண்பர்கள் பதிப்பகத்திடமோ கடையிலோ கேட்டு வாங்கினால் அச்சில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மாதத்திலேயே வெளியேறுகிறது. கடைக்காரர் அந்தப் பெயரை இரண்டாம் முறை கேட்கும்போது ஐந்து பிரதியாவது வரவழைப்பார்.

இலவசப் பிரதி கட்டாயம் போகவேண்டிய இடங்கள் சில உண்டு. கையெழுத்துப் படியாக இருந்தபோதே முழுவதும் படித்துக் குறை சொன்னவர்களுக்கு முதல் பிரதி. அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை என்பதை அவர்கள் அச்சில் பார்க்கவேண்டும். அவர்களுக்கு அடுத்தபடியாக, நாவலுக்கு உலகத்தைத் தந்தவர்கள். நெசவு பற்றி எழுதியிருந்தால் பாவு எது, ஊடை எது, குழித்தறியில் கால் எங்கே போகும் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அண்ணன். கடலைப் பற்றி எழுதியிருந்தால் காற்றுகளுக்கும் நீரோட்டத்துக்கும் அந்த ஊர் வைத்திருக்கும் பெயர்களைச் சொன்னவர். இவர்களில் பலர் நாவல் படித்துப் பழகாதவர்களாக இருக்கலாம். அவர்களுக்குத்தான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும், அவர்கள் சொல்லிக்கொடுத்தது வரும் பக்கத்தில் ஒரு தாளைச் செருகி. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும் பிழை இவர்கள் கண்ணுக்குத் தப்பாது. தறியில் உட்கார்ந்தவர் இடக்கையால் செய்யும் வேலையை வலக்கை செய்வதாக எழுதியிருந்தால் ஒரு வரியில் பிடித்துவிடுவார்கள்.

இந்த இரு சாராருக்கும் போக மிச்சத்தில் மதிப்புரைக்குச் சில பிரதிகள். பத்திரிகைகளும் சிற்றிதழ்களும் மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். பதிப்பகமே அனுப்பினால் நல்லது. எந்தெந்த இதழுக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் ஒரே இடத்துக்கு இருவரும் அனுப்புவது நேராது.

மற்ற நண்பர்களிடம் வாங்கச் சொல்வது எழுதுபவர்களுக்குக் கூச்சமான வேலை. மொத்தமாக ஒரு அறிவிப்பை எல்லாருக்கும் தள்ளிவிட்டால் யாரும் தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆளுக்கு ஒரு செய்தி, மூன்று வரி போதும். தறி சொல்லிக்கொடுத்தவருக்கு: “அண்ணே, நாவல் வந்துருச்சு. உங்க பிரதிய எடுத்து வச்சிருக்கேன், நீங்க வாங்க வேணாம். 40ஆம் பக்கத்துல வர்ற தறி வேலை சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.” நன்றாகப் படிக்கிற அக்காவுக்கு: “அக்கா, நாவல் வந்தாச்சு, விலை 300. பதிப்பகத்துலயே கிடைக்குது. படிச்சுட்டு எந்த இடத்துல தொய்வா இருக்குன்னு மட்டும் மறைக்காம சொல்லுங்க. பாக்கும்போது கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.” எதைச் செய்யவேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் நண்பர்கள் செய்கிறார்கள். “படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்” என்றால் என்ன சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டு, பிறகு பார்க்கவே தயங்குகிறார்கள். ஒரு புத்தகத்தால் நட்பில் மௌனம் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கையெழுத்துப் போடும்போது, நேச்சுரல் ஷேடு எனப்படும் லேசான மஞ்சள் சாயல் தாளில் பால்பாயிண்ட் பேனா நல்லது. ஜெல் பேனா காய்வதற்குள் மூடினால் எதிர்ப்பக்கத்தில் பதியும், மைப்பேனா சில தாள்களில் ஊறிப் பின்பக்கம் தெரியும். நூலின் பெயர் மட்டும் இருக்கும் முதல் தாளில், பெயர், ஊர், தேதி எழுதுங்கள். தேதி முக்கியம், பதிப்பு வரலாற்றில் அதற்கு மதிப்பு உண்டு. நண்பரின் பெயரை அவர் எப்படி எழுதுவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்ரீயா சிறீயா, ஜெயாவா செயாவா என்பதில் சிலருக்கு உறுதியான பிடிப்பு உண்டு.

வெளியூருக்கு அனுப்புவதுதான் அதிகம் சொதப்பும் இடம். பதிவு நூல் அஞ்சல் என்று குறைந்த செலவில் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்த வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், எங்கே இருக்கிறது என்று பார்க்க எண் கிடைக்கும். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த அச்சுநூல்களுக்கான சேவை அது. நூலில் பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்கவேண்டும், உள்ளே விளம்பரமோ தனிக்கடிதமோ வைக்கக்கூடாது. பதிப்பகம் மற்ற நூல்களை விளம்பரம் செய்து அடித்த புக்மார்க்கை எடுத்துவிடுங்கள். நண்பருக்குச் சொல்லவேண்டியதைத் தனியாக வாட்ஸப்பில் சொல்லிவிடலாம். 20 பொட்டலத்தையும் கட்டி எடுத்துப்போகும் முன் ஒரு பிரதியை மட்டும் கவுண்டரில் காட்டி, நாவலை இந்தச் சேவையில் எடுப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஸ்பீடு போஸ்ட், அல்லது கூரியர்.

எடைக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம். டெம்மி புத்தகத்தின் பக்கம் சுமார் 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். 256 பக்கம் என்றால் 128 தாள். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் ஒரு தாள் 2 கிராமுக்குச் சற்று மேல், மொத்தம் 270 கிராம். மேலட்டையோடு ஏறக்குறைய 290. அட்டையும் டேப்பும் சேர்த்துப் பொதிந்தால் 300ஐத் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போய்விடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் கவுண்டரில் அதிர்ச்சி இருக்காது.

பொதிவதில் சேதமாவது எப்போதும் மூலைதான். வெறும் கூரியர் கவரில் போட்ட புத்தகம் மூலை நசுங்கித்தான் போய்ச் சேரும். புத்தகத்தை விட நாலாபக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக இரண்டு அட்டைத் துண்டுகள் வெட்டுங்கள், பழைய அட்டைப்பெட்டி போதும். புத்தகத்தை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மாதங்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. அப்புறம் இரண்டு அட்டைக்கும் நடுவே வைத்து, குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டி, மேலே பிரவுன் தாள். ரப்பர் பேண்டு போடவேண்டாம், விளிம்பில் வெட்டுப்போல் தடம் விழும். முகவரியில் 6 இலக்க அஞ்சல் குறியீடும் கைபேசி எண்ணும் பெரிதாக இருக்கட்டும். ஊர்ப் பெயர் மட்டும் போதாது, தாலுகா, மாவட்டம் இரண்டும் எழுதுங்கள். ஒரே பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டும். அவர்களுக்கு மின்னூல் சரியான வழி. கிண்டிலில் தமிழ் 2016 முதல் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு அச்சுக்குப் போன பி.டி.எஃப். கோப்பை எந்த நண்பருக்கும் அனுப்பாதீர்கள். அவர் நம்பிக்கையானவர்தான். அவர் தங்கைக்கு அனுப்புவார், தங்கை வாசிப்புக் குழுவில் போடுவார், மறுவாரம் யாரென்றே தெரியாத டெலிகிராம் சேனலில் இருக்கும். அதற்குப் பிறகு திரும்பப் பெற வழியில்லை. சுவைக்குக் கொடுக்கவேண்டுமென்றால் முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துக் கொடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ள நண்பர் இருந்தால் விஷயம் வேறு. யூனிகோடில் உள்ள இபப் என்ற மின்னூல் கோப்பை அவருக்குக் கொடுக்கப் பதிப்பகத்திடம் கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்கலாம், கைபேசி வாசித்துக் காட்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பி.டி.எஃப். அவருக்குப் பயன்படாது, திரையை வாசித்துக் காட்டும் செயலி அதைப் புரியாத குறிகளாகத்தான் ஒலிக்கும்.

படித்தபின் நண்பர்கள் கூடிப் பேசுவதற்கு ஒரு மாலை ஒதுக்கவேண்டும். வெளியீட்டு விழாவிலிருந்து இதைத் தனியாக வைப்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். விழாவில் பேசுபவர்களுக்குப் படிக்க நேரம் கிடைத்திருக்காது, எழுத்தாளருக்கோ கேட்கும் மனநிலை இருக்காது. புத்தகம் எல்லார் கைக்கும் போய் நான்கு வாரம் கழித்து, 12 முதல் 15 பேர், கிளை நூலகத்திலோ யாராவது வீட்டு மொட்டைமாடியிலோ, இரண்டரை மணி நேரம். 15 பேரைத் தாண்டினால் மைக் தேவைப்படும். மைக் வந்தால் பேச்சு மேடைப்பேச்சாகிவிடும்.

வருபவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பக்க எண்களோடு வரவேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்று, படித்துக்கொண்டே வந்து புத்தகத்தைக் கீழே வைத்த இடம். மற்றொன்று, திரும்பிப்போய் இன்னொரு முறை படித்த இடம். “நடை கொஞ்சம் கனம்” என்று பொதுவாகச் சொன்னால் எழுதியவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்று பேர் தனித்தனியே 112, 114, 115 என்று சொன்னால் அங்கே ஏதோ நின்றுபோயிருக்கிறது. பெரும்பாலும் அந்த இடத்தில் புதிதாக நாலு பாத்திரங்கள் ஒரே பக்கத்தில் நுழைந்திருப்பார்கள், அல்லது கதை முப்பது வருடம் பின்னால் போனதைச் சொல்ல ஒரு வரி விடுபட்டிருக்கும்.

முதலில் பேசுபவர் வைக்கிற சுருதியில்தான் மற்றவர்கள் பேசுவார்கள். வயதில் மூத்தவரை மரியாதைக்காக முதலில் விடுவது வழக்கம். அவர் வாழ்த்திவிட்டால் அடுத்தவர் குறை சொல்லத் தயங்குவார். நுணுக்கமாகப் படித்தவரை முதலில் பேசவிட்டு மூத்தவரை நடுவில் வையுங்கள். ஆளுக்கு எட்டு நிமிடம், நேரம் பார்க்க ஒருவர். தொடக்கத்தில் நாவலிலிருந்து இரண்டு பக்கம் யாராவது உரக்க வாசிக்கட்டும், எழுதியவர் வாசிக்கவேண்டாம். வேறொரு வாய் எங்கே தடுக்குகிறதோ அங்கே வாக்கியம் தடுக்குகிறது என்று அர்த்தம். எழுதியவர் கடைசியில் மட்டும் பேசவேண்டும். இடையில் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினால் கூட்டம் வழக்குமன்றமாகிவிடும், உதவ வந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

நண்பர்கள் எழுதும் குறிப்புகளுக்கும் ஒரு வார்த்தை. அமேசானில் நெருங்கிய நண்பர்களும் குடும்பத்தாரும் விமர்சனம் எழுதுவதை அந்த நிறுவனத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. எழுதினாலும் நீக்கிவிடக்கூடும். நண்பர் தன் சொந்தப் பக்கத்தில், நண்பர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி எழுதுவது மதிப்பானது. “அருமை, அவசியம் படியுங்கள்” என்பதைப் பார்த்து யாரும் வாங்கியதில்லை. கதை எந்த ஊரில், எந்தக் காலத்தில், யாரைப் பற்றியது என்று இரண்டு வரி. பக்க எண்ணோடு ஒரு பத்தி மேற்கோள். யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது. அட்டையைப் பகல் வெளிச்சத்தில் நேராக எடுத்த படம், பதிப்பகம், விலை, கிடைக்குமிடம். விலையையும் கிடைக்குமிடத்தையும் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, ஆர்வம் வந்தவர் தேடிச் சலித்து விட்டுவிடுவார்.

நூலகங்களையும் இதே பட்டியலில் வைக்கவேண்டும். 1954ஆம் ஆண்டு நூல்கள் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பதிப்பாளர் பிரதி அனுப்பவேண்டும். அனுப்பியாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிறு பதிப்பகங்களில் ஆள்பலம் குறைவு, மறந்துபோகும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவைத்தால் 50 வருடம் கழித்து ஒரு ஆய்வாளர் கையில் அது கிடைக்கும். நாவல் எந்த ஊரைப் பற்றியதோ அந்த ஊர்க் கிளை நூலகத்துக்கு இரண்டு. இதை நண்பர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் செலவும் பெரிதாக இருக்காது.

உங்களுக்கென்று ஒரு பிரதியைத் திருத்தப் பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் கையெழுத்து வேண்டாம், அலமாரியிலும் வைக்கவேண்டாம். முன்னட்டையின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, பக்கம், வரி, தவறு, சரி, சொன்னவர் என்று ஐந்து கட்டம் போடுங்கள். நண்பர்கள் சொல்லச் சொல்ல அதில் ஏற்றுங்கள். தமிழில் திரும்பத் திரும்ப வருபவை இவை: வல்லின ஒற்று மிகுதலும் குறைதலும், ண-ன, ர-ற, ல-ள-ழ மயக்கம், எழுத்துரு மாற்றும்போது பிரிந்துபோன கொம்புகள், ‘ௌ’ குறியின் இடத்தில் வந்து உட்கார்ந்த ‘ள’, வரியின் முதலெழுத்தாக வந்து விழுந்த புள்ளியெழுத்து. ஒரு இடத்தில் சின்னம்மா என்று அழைக்கப்பட்டவள் நூறு பக்கம் தள்ளிச் சித்தி ஆகியிருப்பதும் வரும். அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் பிடிக்கிறார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாளைத் தட்டச்சு செய்து பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் புத்தகம் என்றால் அடுத்த 50 பிரதியிலேயே திருத்தம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: திருத்தத்தால் பத்தியின் வரிகள் கூடினால் பின்னால் உள்ள பக்கங்கள் எல்லாம் நகரும், மேற்கோள் காட்டியவர்களின் பக்க எண் பொய்யாகும். ஆகவே இரண்டு சொல் சேர்த்தால் அதே பத்தியில் இரண்டு சொல்லை எடுத்துவிடுங்கள். திருத்திய கோப்பு வந்ததும் அந்தந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து நிறுத்தாமல் அதற்கு முந்தைய பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஐந்தாவது கட்டத்தில் இருக்கும் பெயர்களை எடுத்து, அடுத்த அச்சின் நன்றிப் பக்கத்தில் அகரவரிசையில் போடச் சொல்லுங்கள். அந்த அச்சின் பெட்டி வரும்போது தறி சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு மறுபடி ஒரு பிரதி, 40ஆம் பக்கத்தில் தாள் செருகி.